ஆண்டறிக்கை: ஜெர்மன் நீராவி எஞ்சின் படங்களை வகை பிரிக்கும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு சங்கத்தின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது, சேகரிப்பில் உள்ள பழைய ஜெர்மன் நீராவி எஞ்சின் படங்களுக்கு வகை குறிக்கும் வேலைதான். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மற்ற நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தன.

எண் பலகை தெரியும் படங்களில் சிக்கல் குறைவு. காலத்தையும் அதுவே சொல்லிவிடும். மேற்கு ஜெர்மன் ரயில்வேயில் 1968 முதல் வகைக்கு மூன்று இலக்கம், வரிசைக்கு மூன்று, பிறகு ஒரு சரிபார்ப்பு இலக்கம். கிழக்கில் 1970 முதல் வகைக்கு இரண்டு, வரிசைக்கு நான்கு, கடைசியில் அதே சரிபார்ப்பு இலக்கம். முதல் ஆறு இலக்கங்களையும் இடமிருந்து 1, 2, 1, 2 என்று மாறி மாறிப் பெருக்க வேண்டும். வருவதன் இலக்கங்களைக் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். 043 903 என்றால் 0, 8, 3, 18, 0, 6. 18-ஐ 1+8 எனக் கொண்டால் கூட்டுத்தொகை 26. ஆகவே 043 903-4. முன்பு 44 என்றிருந்த வகையில் எண்ணெயில் எரியும் எஞ்சின் இது. 1977 அக்டோபர் 26 அன்று ரைனெ பணிமனையில் மேற்கு ஜெர்மன் ரயில்வேயின் நீராவிக் காலம் இதோடுதான் முடிந்தது. கரி படிந்த இலக்கம் 3-ஆ 8-ஆ என்ற ஐயத்தை இந்தக் கணக்கு தீர்த்துவிடும்.

எண் தெரியாத படத்தில் முதலில் அச்சுகளை எண்ணுங்கள். 2'சி1' என்றால் முன்னால் இரண்டு அச்சு, இணைத்த உந்து அச்சு மூன்று, பின்னால் ஒன்று. அடுத்தது சக்கர அளவு. பக்கவாட்டில் எடுத்த படமானால், எஞ்சின் முனையில் மோதலின் அதிர்ச்சியைத் தாங்கும் பஃபரின் மையத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அது தண்டவாளத்துக்கு மேல் ஏறக்குறைய 1 மீட்டர் உயரம். 01, 03 வகைகளின் 2000 மி.மீ. சக்கரம் அதைப் போல் இரு மடங்கு நிற்கும். பழைய பிரஷ்ய பி 8, அதாவது 38 வகை, 1750 மி.மீ.; சரக்கு எஞ்சின்களான 44, 50, 52 மூன்றும் 1400 மி.மீ. சக்கரம் ஒன்றே ஆனாலும் 03-இன் பாய்லர் 01-ஐவிட மெலிந்தது. அச்சுச் சுமை தாங்காத பாதைகளுக்காகச் செய்தது.

அதிகத் தகராறு 50-க்கும் 52-க்கும் இடையில்தான். கேபின் பக்கத்துச் சிறு பலகையும் உதவாது. ஜி 56.15 என்பது சரக்கு எஞ்சின், ஆறு அச்சில் ஐந்து இணைத்தவை, 15 டன் அச்சுச் சுமை என்று பொருள். இரண்டுக்கும் அதே பலகை. 1939-இல் வந்த 50-இல் புகைபோக்கிக்கு முன்னால் புகைப்பெட்டியின் மேல் குறுக்கே நீர் சூடேற்றும் உருளை பதிந்திருக்கும். பக்கவாட்டில் அதன் வட்ட முனை தெரியும். 1942-இன் போர்க்கால 52-இல் அது கிடையாது. அதற்கு முந்தைய இடைக்கால 50-களிலோ போர்ச் சிக்கனம் கருதி உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்கள். ஆகவே உருளை இல்லை என்பதாலேயே 52 என்று எழுதிவிட வேண்டாம். சக்கரங்களுக்கு நடுவே சட்டத்தைப் பாருங்கள். கனத்த கம்பிச் சட்டமானால் பெரிய திறப்புகள் வழியே மறுபுற வெளிச்சம் தெரியும். தட்டுச் சட்டமானால் அடைத்தாற்போல் இருக்கும். 1939 முதல் போர்க்காலம் வரை கட்டிய 50-இல் தட்டுச் சட்டம் இல்லை. ஆனால் தொடக்கக் கால 52-களிலும் கம்பிச் சட்டம் உண்டு. ஆகவே வெளிச்சம் தெரிந்தாலே 50 என்று சொல்ல முடியாது.

எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் நீரும் சுமக்கும் வண்டியான டெண்டர் தொட்டி வடிவில் இருப்பதை நம்பி வகை குறிப்பதைக் குழு இனி ஏற்காது. 52-க்கென வந்த அந்த டெண்டர்கள் போருக்குப் பின் 50-களுக்கும் மாட்டப்பட்டன. பாய்லரும் பணிமனையில் மாறும். புகை விலக்கும் தகடும் அப்படியே: பழைய பெரிய தகடுகளைக் கழற்றிச் சிறியவை பொருத்தினார்கள். அது வகைக்குச் சான்றல்ல, படத்தின் காலத்துக்குத்தான் சான்று.

23 என்ற வகை எண்ணிலும் கவனம் தேவை. மேற்கில் 1950 முதல் 1959 வரை 105 எஞ்சின்கள். கிழக்கில் 1956 முதல் 113. இரண்டும் 1'சி1', இரண்டுக்கும் 1750 மி.மீ. சக்கரம். கிழக்கினுடையது 1970-க்குப் பின் 35 ஆனது.

வரும் ஆண்டில் ஒவ்வொரு படத்தின் கீழும் வகையோடு எந்த உறுப்பை வைத்து முடிவு செய்தோம் என்பதையும் எழுத வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. முடிவாகாதவை “50/52” என்றே நிற்கட்டும். இத்தீர்மானத்தையும் இவ்வறிக்கையையும் அவையின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்