பேப்பர் யார் கையில் என்று கேட்டாயே

அன்புள்ள சேதுவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றதும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மூட்டு வலிக்குத் தைலத்தையே நம்பிக்கொண்டிருக்காதே, டாக்டரைப் பார்.

'இந்து இங்கிலீஷ் பேப்பர் இப்போது யார் கையில் இருக்கிறது, நீதான் ஏஜென்ட் ஆயிற்றே' என்று கேட்டிருக்கிறாய். ஒரு செய்தியால் மனம் நொந்து பேப்பரையே நிறுத்தலாமா என்றும் எழுதியிருக்கிறாய். பேப்பர் கட்டு எத்தனை மணிக்கு இறங்கும், பில் எந்தத் தேதியில் கட்டணும், ஏஜென்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் பதில் உன் கையிலேயே இருக்கிறது. தினமும் ஏதாவது ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு மூன்று வரி வரும்: அச்சிடுபவர், வெளியிடுபவர், எந்த நிறுவனத்துக்காக, செய்தித் தேர்வுக்குச் சட்டப்படி பொறுப்பான ஆசிரியர் யார். வெள்ளைக்காரன் 1867-இல் போட்ட சட்டத்திலிருந்து வந்த வழக்கம் அது. எழுதியவனைப் பிடிக்கப் போனால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமே! 2023-இல் புதுச் சட்டம் வந்துவிட்டது, அந்த வரிகள் மட்டும் போகவில்லை. இது போதாதென்று, பழைய சட்டப்படி பிப்ரவரி முடிந்ததும் நான்காம் படிவம் என்று ஒரு கட்டம் போட்டுவந்தார்கள், பார்த்திருப்பாய். மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் பெயரெல்லாம் அதில் வரும். அதை யாராவது படித்ததாக என்னிடம் சொன்னதில்லை.

இந்துவை ஆரம்பித்தது 1878-இல். ஜி. சுப்பிரமணிய ஐயரும் நண்பர்களுமாக ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி போட்டார்கள். முதலில் வாரப் பத்திரிகை, 1889-இல் தினசரி. 1905-இல் கஸ்தூரி ரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்கு வாங்கினார். அன்று முதல் அந்தக் குடும்பம்தான். 2011-இல் வெளியாள் ஒருவரை, சித்தார்த் வரதராஜனை, ஆசிரியராக்கினார்கள். 2013-இல் குடும்பத்தார் நிர்வாகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் அவர் விலகிவிட்டார். குடும்பப் பேப்பர் என்றால் பங்காளிச் சண்டையும் இருக்கும், சொத்து கைமாறாமலும் இருக்கும். எனக்கென்னவோ இரண்டாவதற்காக முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று படுகிறது.

நீ கேட்காமல் விட்டது ஒன்று உண்டு: இதையெல்லாம் யார் காசில் நடத்துகிறார்கள்? நீ கொடுக்கும் விலை தாளுக்கும் அச்சுக்கும்கூடக் காணாது. மிச்சமெல்லாம் விளம்பரம். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று இவர்கள் தலைகீழாய் நின்று எண்ணுவது அதற்குத்தான். பேப்பர் விற்பனையைத் தணிக்கை செய்ய 1948-இல் ஆரம்பித்த ஏபிசி என்ற அமைப்பில் பத்திரிகைக்காரர்களோடு விளம்பரக்காரர்களும் உறுப்பினர். அவர்கள் எண்ணுவது விற்ற பிரதியை. ஐஆர்எஸ் என்ற வாசகர் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய், பேப்பர் படிக்கிற ஆளை எண்ணியது, 2019 கணக்கோடு நின்றுபோனது. என் கணக்குப் புத்தகத்தில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை ஒரு காப்பிதான். அங்கே விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் விளையாட்டுப் பக்கம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்விடும், நடுத்தாள் பெஞ்சில் இரண்டு பேர் கையில் பாதி பாதியாக இருக்கும், தலையங்கப் பக்கத்தில் மாஸ்டர் வடை மடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். கொரோனாவில் பேப்பரை நிறுத்திய வீடுகள் பல திரும்ப வரவில்லை. டீக்கடை மட்டும் நிறுத்தவே இல்லை.

விலையைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. பக்கத்துக்கு ஏற்ற விலைதான் வைக்க வேண்டும், பெரிய பேப்பர் விலையைக் குறைத்துச் சின்னதை விழுங்கக் கூடாது என்று 1956-இல் சட்டம் போட்டார்கள். மராத்தி சகாள் பேப்பர் வழக்குப் போட்டது. பக்கத்திலும் விலையிலும் கை வைத்தால் அது பேச்சுரிமையிலேயே கை வைப்பது என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. தீர்ப்பு சரிதான். ஆனால் கட்டு தூக்குகிறவனாகச் சொல்கிறேன், விலை மலிய மலிய வாசகன் சொல்லுக்கும் மதிப்பு குறைந்துகொண்டேதான் போனது.

அப்புறம், 'கட்டுப்படுத்த ஆளே இல்லையா' என்று கோபப்பட்டிருக்கிறாய். பத்திரிகைகள் மேல் வரும் புகாரை விசாரிக்கப் பிரஸ் கவுன்சில் இருக்கிறது. 1966-இல் வந்தது, எமர்ஜென்சியில் கலைத்தார்கள், 1978 சட்டத்தில் திரும்ப வந்தது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. பல் இல்லை என்று நீ சிரிப்பாய். பல் உள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்று பார். 2003 நவம்பரில் சபையின் உரிமை மீறல் என்று சொல்லி நம் சட்டசபை இந்துவின் ஐந்து பேருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை விதித்தது. அவர்களைப் பிடிக்க இந்து ஆபீசுக்கே போலீஸ் போனது. சில நாளில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்ததால் தப்பினார்கள். 2019-இல் இந்து உட்பட மூன்று குழுமங்களுக்கு மத்திய அரசு விளம்பரத்தை நிறுத்தியதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. ஆளும் கட்சித் தரப்பு மறுத்தது. அதனால் எனக்குப் பல் இல்லாத கவுன்சிலே மேல்.

உன் மனக்குறை ஒரு செய்தியைப் பற்றித்தானே? 2006-இல் வாசகர் ஆசிரியர் என்று ஒருவரை அங்கே வைத்தார்கள், வாசகர் சொல்லும் பிழையைத் திருத்துவது அவர் வேலை. தேதி, பக்கம், வரி குறிப்பிட்டு எழுது. வாட்ஸ்அப்பில் புலம்பினால் அது எனக்குத்தான் வரும்.

அதன் பிறகும் நிறுத்துவதென்றால் நிறுத்து, உன் இஷ்டம். ஆனால் மாசம் பிறக்கும் முன்னே உங்கள் ஊர் ஏஜென்டிடம் சொல்லிவிடு. உன்னையும் சேர்த்துத்தான் அவர் கட்டுக்கு எண்ணிக்கை கொடுத்திருப்பார். சொல்லாமல் நிறுத்தினால் மிஞ்சுகிற காப்பி அவர் தலையில்தான் விழும்.

அன்புடன்,
மணி