கரப்பான் உள்ள பிள்ளைகள் குறித்துப் பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏற ஏற, முழங்கை மடிப்பையும் முழங்காலின் பின்புறத்தையும் சொறிந்துகொண்டே பாடம் கேட்கும் பிள்ளைகள் எங்கள் கண்ணில் படுகிறார்கள். பலருக்கு அது எக்ஸிமா, அதாவது கரப்பான். அது ஒட்டாது. சிரங்கு என்று நினைத்து, அந்தப் பிள்ளையைத் தள்ளி உட்காரவைக்கச் சொல்லிச் சிலர் கேட்கிறீர்கள். அப்படிச் செய்ய மாட்டோம்.

இவர்களின் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்காது. வெளியிலிருந்து வருவதையும் சரியாகத் தடுக்காது. சீருடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக அலசிய துணியில் சோப்புத்தூள் தங்கிவிடும். வியர்வை பட்டதும் கழுத்துப்பட்டியிலும் இடுப்பிலும் அரிக்கும். இது ஒவ்வாமை இல்லை, வெறும் உறுத்தல். இன்னொரு தண்ணீரில் அலசிப் பாருங்கள். புதுச் சீருடையைத் துவைத்த பிறகே போட்டு அனுப்புங்கள்.

ஒவ்வாமை வேறு விதம். ஒரு பொருள் உடம்புக்கு ஆகாமல் போய்விட்டால் கொஞ்சம் பட்டாலே போதும். ஓரிரு நாள் கழித்துக்கூடத் தடிக்கும். ஊக்கு, பெல்ட் கொக்கி போன்றவற்றில், சிலருக்கு ஆகாத நிக்கல் என்ற உலோகம் இருக்கலாம். தொப்புளுக்குக் கீழே காசளவு தடித்துக் கறுத்திருந்தால் கொக்கியைச் சந்தேகப்படுங்கள். அந்தப் பிள்ளைகள் பெல்ட் இல்லாமல் வரலாம். உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். மைதான ஓரத்துப் பார்த்தீனியச் செடியும் ஒவ்வாமை தரலாம் என்பதால், அதைப் பூக்கும் முன்பே பிடுங்க ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆண்டு விழாவுக்குக் கறுப்பு மருதாணி வேண்டவே வேண்டாம், அதில் பெரும்பாலும் தலைச்சாய ரசாயனம் கலக்கிறார்கள்.

சாப்பாட்டில் அவசரப்படாதீர்கள். கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம் என்று பாட்டிமார் சொல்வார்கள். அவற்றை விடுவதால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் பால், முட்டை, கடலை என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை எப்படி வளரும்? மருத்துவர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். அப்புறம், மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் படைக் களிம்பு பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். நாலு நாள் அடங்கியது போலத் தெரியும், நாள்பட்டால் தோல் மெலிந்துவிடும்.

குளித்துத் துவட்டியதும், ஈரம் முழுதாகக் காய்வதற்குள், மருத்துவர் சொன்ன மாய்ஸ்சரைசரைப் பூசிவிடுங்கள். பெயர் எழுதிய சின்ன டப்பாவில் கொஞ்சம் கொடுத்தனுப்பினால், கை கழுவிய பிறகு பூசிக்கொள்ள வகுப்பாசிரியர் நேரம் தருவார். எந்தப் பொருள் ஆகாது என்று மருத்துவர் எழுதித் தந்திருந்தால், அந்தச் சீட்டின் நகலை இந்த வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்