கை சரியான பிறகு

அன்புச் சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன், வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடும் பொறுப்பு எனக்கு. அதனால்தான் பதில் தாமதம். இப்போது நன்றாகத் தெரிகிறதாம், பஞ்சாங்கத்தைத் தானே எடுத்துப் பார்த்துக்கொள்கிறார். சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. வெயில்தான் தாங்கவில்லை. வேலூர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்லவா வேண்டும், படிக்கிற காலத்தில் நீயும் இங்கே வெந்தவள்தானே.

டாக்டருக்குப் படிக்கிற உன் பெண்ணைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சர்க்கரையில் கால் விரல்களை எடுத்த பெரியவரிடம், "புண் ஆறிடுச்சு தாத்தா, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று அவள் சொல்ல, அவர் "எந்த வீட்டுக்கும்மா?" என்று கேட்டாராம். பெரிய டாக்டரோ, "அது நம்ம வேலை இல்ல, அடுத்த பெட்டுக்கு வா" என்று நகர்ந்துவிட்டாராம். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, இந்தப் படிப்பே வேண்டாம் என்கிறாள் என்று நீ புலம்பியிருக்கிறாய். எனக்கென்னவோ அவள்மேல் நம்பிக்கைதான் கூடியது. அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு நிற்கிற டாக்டர்கள் நமக்கு வேண்டும். அது டாக்டருடைய வேலைதான். இந்த ஊரிலேயே ஒருவர் அதைச் செய்து காட்டியிருக்கிறார். உனக்குத் தெரிந்த கதைதான். அவளுக்குப் படித்துக் காட்டுவாய் என்றே விவரமாக எழுதுகிறேன்.

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் முதலில் கட்டட வேலை, தச்சு வேலை என்று பழகி, பிறகுதான் மருத்துவம் படித்தார். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு, நம் சி.எம்.சி.க்கு, வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒருவர் தன் செருப்பைக் கழற்றத் திண்டாடுவதைப் பார்த்தார். "என் கையைப் பிடித்து அழுத்துங்கள்" என்று பிராண்ட் தன் கையை நீட்டினார். நீட்டியவருக்கு வலித்துவிட்டது, அவ்வளவு பலமான பிடி. செத்துப்போனது என்று எல்லோரும் விட்டுவிட்ட கையில் உயிருள்ள தசை இருக்கிறது என்று அந்தப் பிடியில்தான் அவருக்குத் தெரிந்தது. தொழுநோயாளியைத் தொடவே பயந்த காலம் அது. தொடாமல் இருந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது.

விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் ஊரே நம்பியது. அவர் ஒவ்வொரு புண்ணாகக் காரணம் தேடினார். நரம்பு கெட்டு உணர்ச்சி போய்விடுவதால் சூடும் தெரிவதில்லை, ஆணி குத்தியதும் தெரிவதில்லை. ராத்திரியில் விரல் காணாமல் போகிறதே என்று கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தால், எலி வந்து கடிக்கிறது, தூங்குகிறவருக்கு வலிக்கவில்லை. அதன்பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். பெரிய கண்டுபிடிப்புக்குப் பின்னால் இப்படி ராத்திரி உட்கார்ந்து பார்த்த வேலை இருக்கிறது என்பது எனக்கு இன்னும் மனசை என்னவோ செய்கிறது.

முழங்கைக்குக் கீழே நன்றாக இருக்கிற ஒரு தசைநாரை எடுத்து விரல்களுக்கு மாற்றிக் கட்டும் ஆபரேஷனை 1948 வாக்கில் தொடங்கினார். அதற்கப்புறம் இருக்கிறதே, அது நம் பிசியோதெரபிக்காரர்களின் நேரம். மாவுக்கட்டைப் பிரித்ததும் கை வெளுத்து, தோல் உரிந்து, யாருடைய கையோ போலக் கிடக்கும். இதுவரை மணிக்கட்டைத் தூக்கிய தசை இனி விரலை அடிக்கணுவில் மடக்கி, நுனிவரை நேராக நீட்ட வேண்டும், அதை மூளை கற்றுக்கொள்ள வேண்டும். "விரலைப் பார்க்காதீங்கண்ணா, மணிக்கட்டைத் தூக்குற மாதிரி நினைங்க" என்று சொல்லிச் சொல்லி, ஒன்றும் அசையாமல் நாள்கள் போகும். நோயாளிக்கு வியர்த்துவிடும், நமக்கும்தான். பிறகு ஒருநாள் சுண்டுவிரல் அடியில் லேசாக ஒரு துடிப்பு. அவர் கையைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்ப்பார், நாமும் பார்த்தோமா என்று. நீயும் பார்த்திருப்பாய் அந்த முகத்தை.

உன் பெண்ணுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இனிமேல்தான் வருகிறது. கை சரியாகி ஊருக்குப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தாராம். "இந்தக் கை பிச்சை எடுக்க உதவாது டாக்டர்" என்கிற அர்த்தத்தில் சொன்னாராம். கோணல் கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள் நேரான கைக்குப் போடவில்லை. வேலை கொடுக்கவோ, குடியிருக்க இடம் கொடுக்கவோ ஆளில்லை. பிராண்ட் "ஆபரேஷன் வெற்றி, மற்றது என் வேலை இல்லை" என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. கல்லூரி வளாகத்திலேயே மண்சுவர்க் குடிசைகள் போட்டு நவஜீவ நிலையத்தைத் தொடங்கினார். தனக்குத் தெரிந்த தச்சு வேலையைக் கற்றுக்கொடுத்தார், மரப் பொம்மை செய்ய வைத்தார். உணர்ச்சியில்லாத கை உளியை எப்படிப் பிடித்தால் காயம் ஆகாது என்பதையும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்துதான் அவர் தெரிந்துகொண்டார். எனக்கு அந்த ஆபரேஷனைவிட இந்தக் குடிசைகள் பெரிதாகத் தெரிகின்றன.

மேரி வர்கீஸை எடுத்துக்கொள். 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் டாக்டர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்யலாம் என்று அவரைத் தூண்டியவரும் பிராண்ட்தான். பிற்பாடு மறுவாழ்வு மருத்துவத் துறையையே இங்கே மேரி வளர்த்தெடுத்தார்.

தொழுநோய்க் கிருமியைக் கொல்ல எம்.டி.டி. என்கிற கூட்டு மருந்து மாத்திரையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981இல். தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற சட்டப்பிரிவை நம் நாடாளுமன்றம் நீக்கியது 2019இல். நடுவில் இருக்கிற வருஷங்களில் மாத்திரை சாப்பிட்டு முழுசாகக் குணமானவர்கள், எந்த வீட்டுக்குப் போவது என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் உன் பெண்ணைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பெரியவர் இன்னும் வார்டில் இருந்தால், அவளை ஒரு ஸ்டூல் போட்டு உட்காரச் சொல். நின்றுகொண்டே கேட்டால் வாய் திறக்க மாட்டார். யார் சமைக்கிறார்கள், ராத்திரி எங்கே படுக்கிறார், கக்கூஸ் எவ்வளவு தூரம், இதையெல்லாம் கேட்கட்டும். முதியோர் உதவித்தொகை வருகிறதா என்று பார்க்கட்டும். ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் இருந்தால் அவரையும் கூப்பிடட்டும். காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு, அதுதான் மெத்தென்ற ரப்பர் வைத்தது, வாங்கித் தர வேண்டும். தொழுநோய்க் காலுக்கென்று இங்கே பழகியதுதான் இப்போது சர்க்கரைக் காலுக்கும் உதவுகிறது, பிராண்ட் அமெரிக்கா போய் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கவும், புறங்கையை வைத்து எங்காவது சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவும் பழக்கிவிடட்டும். அவர் வீட்டுக்கதை முழுவதையும் அவளால் சரிசெய்ய முடியாமல் போகலாம். அதற்காகக் கேட்காமல் இருக்கக் கூடாது.

பெரிய டாக்டர்மேல் அவளுக்குக் கோபம் இருக்கும். எத்தனை பெட், எத்தனை பேர் வெளியே காத்திருக்கிறார்கள் என்பதும் அவர் மனசில் ஓடியிருக்கும். ஆனாலும் அவர் சொன்னது தப்பு. அதை உன் பெண் தப்பு என்றே நினைவில் வைத்துக்கொள்ளட்டும், அவர் இடத்துக்கு அவள் வரும்போது தேவைப்படும்.

லீவு கிடைத்தால் அவளை இங்கே அனுப்பு. கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன், அங்கே செருப்புத் தைக்கிறவர்களோடு ஒருநாள் உட்காரட்டும். காட்பாடியில் இறங்கினால் நானே வந்து அழைத்துக்கொள்வேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா? அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். பெரியவர் எங்கே போனார் என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் வேலூர்க்காரி