கோரிக்கை மனு: கூரை நிவாரணத்தோடு போல்ட்டும் பட்டையும் சேர்த்து வழங்கக் கோருதல்

அனுப்புநர்
கூரை மற்றும் கொத்து வேலைத் தொழிலாளர்கள்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: சூறைக்காற்றில் ஷீட் கூரைகள் பறப்பதைத் தடுத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

2020 நவம்பரில் நிவர் புயல் கரையேறி இந்தப் பக்கம் வந்தபோது முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தது. ஆனால் சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் கொளுத்திவிட்டு, சாயங்காலம் மழைக்கு முன்னால் இறங்கும் காற்று அரைமணி அவகாசம்கூடத் தருவதில்லை. கூரையை அதற்கு முன்பே இறுகப் பூட்டியிருக்க வேண்டும்.

காற்று ஷீட்டை அமுக்குவதில்லை, மேலே இழுக்கிறது. கதவு வழியாகப் புகுந்த காற்று உள்ளிருந்தும் தள்ளுகிறது. ஓரத்திலும் மூலையிலும் இந்த இழுப்பு அதிகம் என்பதால் ஓர ஷீட்டும் மூலை ஷீட்டும் முதலில் கிளம்புகின்றன. பாரத்துக்கு வைக்கும் கல் உருண்டு பக்கத்து வீட்டு ஷீட்டை உடைப்பதுதான் மிச்சம்.

20 அடி நீள அறைக்கு 10 அடி சிமெண்ட் ஷீட் 6, கீழே ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம் 3. ஒரு ஷீட்டுக்குச் சட்டத்துக்கு 2 வீதம், சட்டத்தைக் கொக்கிபோல் பிடிக்கும் 36 ஜே போல்ட் வேண்டும். செலவைப் பார்த்து மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுச் சட்டத்தில் ஒன்றுமில்லை என்று 12-இல் முடித்துவிடுகிறார்கள். துளையை ஷீட்டின் மேட்டில், போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாக, டிரில்லால் போட வேண்டும். ஆணி வைத்து அடித்த துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். நட்டுக்கு அடியில் மெத்தைபோல் இருக்கும் தார் வாஷர் இல்லாமல் முறுக்கினாலும் அதே கதி. அடுத்த காற்றில் போல்ட் சட்டத்திலேயே நிற்கும், ஷீட் மட்டும் பிய்த்துக்கொண்டு போகும்.

திண்ணை நனையக் கூடாதென்று ஷீட்டை 2 அடி வெளியே நீட்டுவோர் உண்டு. 1 அடிக்கு மேல் நீட்டினால் காற்றுக்குப் பிடி கொடுத்ததுபோல் ஆகும். சட்டத்தை வெறும் கலவையில் பதித்தால் மேல்வரிசைச் செங்கல்லோடு எழும்பிவிடும். 3 சட்டத்தின் இரு முனைகளிலும் இரும்புப் பட்டை சுற்றி, சுவரில் 2 அடி கீழே இறக்கிப் பூட்ட வேண்டும். மொத்தம் 6 பட்டை, அவ்வளவுதான்.

பேரிடர் நிவாரண விதிப்படி, வீட்டின் பகுதிச் சேதம் 15 சதவீதமாவது இருந்தால்தான் உதவி கிடைக்கும். ஒரே ஒரு ஷீட் போன வீடு பெரும்பாலும் இதில் வராது. ஆனால் குழிக்குள் கால் வைத்து நெய்யும் குழித்தறி உள்ள வீட்டில் அந்த ஒரு திறப்பே போதும், குழி நிரம்பி, தறியில் பூட்டிய நீள நூலான பாவு முழுக்க நனைந்து வீணாகிவிடும்.

எனவே, நிவாரணம் பெறும் வீடுகளுக்கு ஷீட் எண்ணிக்கைக்கு ஏற்ற போல்ட், தார் வாஷர், பட்டை ஆகியவற்றையும் சேர்த்து வழங்க வேண்டுகிறோம். கிராம நிர்வாக அலுவலரின் சேத அறிக்கையில் "கூரை பறந்தது" என்று மட்டும் இல்லாமல், போல்ட் பிடுங்கியதா, துளையில் ஷீட் பிய்ந்ததா, சட்டமே எழும்பியதா என்று குறிக்க உத்தரவிட வேண்டுகிறோம். எந்த ஊரில் எந்தக் குறை என்பது அதில் தெரிந்துவிடும். பங்குனிக்குள் ஊராட்சிதோறும் ஒரு நாள் செய்முறை விளக்கம் நடத்தினால், அன்றைய கூலி கேட்காமல் வந்து செய்துகாட்டத் தயாராக இருக்கிறோம். டிரில் இயந்திரமும் நாங்களே கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கூரை மற்றும் கொத்து வேலைத் தொழிலாளர்கள்,
குடியாத்தம் வட்டம்.