கோச்சிங் சேர்றதுக்கு முன்னாடி, கண்ணு

கண்ணு, சாப்ட்டயா? ரெண்டு நாளா யார்கூடவும் பேசாம அந்த மூணு நீட் கோச்சிங் நோட்டீஸையே பாத்துட்டு உக்காந்திருக்கறயாமா, சின்னம்மா சொன்னா. போன்ல பேசுனா பாதில அழுதுபோடுவேன்னு தான் டைப் பண்றேன், பொறுமையா படி சாமி.

காந்திபுரத்துல இருக்கற பெரிய கோச்சிங்லயே சேத்தோணும்னு அப்பா நிக்கறாரு, வாசல்ல ஜெயிச்ச பசங்க போட்டோ அத்தன போட்டிருக்கறாங்கன்னு. அந்தப் பசங்க வருசம் பூரா அங்க படிச்சாங்களா இல்ல கடைசில டெஸ்ட் மட்டும் எழுதுனாங்களான்னு நமக்கெப்படித் தெரியும்? எந்த கோர்ஸ், எத்தன மாசம்னு விளம்பரத்துலயே போடோணும்னு 2024லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருக்குது, கூச்சப்படாம கேளு.

நேத்து ராத்திரி தூக்கம் வராம உன் மார்க்க எழுதிப் பாத்தேன். பயாலஜி 360க்கு 272, அதுல எனக்கு வெசனமே இல்ல, என்சிஇஆர்டி புக்க விடாம படிச்சாலே ஏறிரும். பிசிக்ஸ் தான் 180க்கு 38. 42 கேள்வி எழுதி 16 சரி, 26 தப்பு. நாலு மேனிக்கு 64 வந்து, தப்புக்கு ஒண்ணொண்ணா 26 போயிருச்சு, அந்த 26ஐயும் தொடாம விட்டிருந்தா 64 அப்படியே நின்னிருக்கும். அந்த 26ம் எதனால தப்பாச்சு? பார்முலா தெரியலயா, கணக்குல சறுக்குச்சா, நேரமில்லேன்னு ஏதோ ஒண்ண ஷேட் பண்ணுனயா? கெழங்கு அழுகலுக்கும் எலப்புள்ளிக்கும் நம்ம மஞ்சக் காட்டுல ஒரே மருந்தா அடிக்கறோம்? 120 பேர் பேட்ச்ல உன் தப்ப உக்காந்து பாக்க ஆள் இருக்குதான்னு அதையத்தான் மொதல்ல கேக்கோணும். டெஸ்ட் வெச்ச மறுநாள் பேப்பர யாரு பாப்பாங்க, டவுட் கேக்க பிசிக்ஸ் சார் பொழுதோட எத்தன மணி வரைக்கும் இருப்பாருன்னு கேளு.

பீஸ மொத்தமா கட்டக்கூடாது. பெரியம்மா பையன் ஒரு எடத்துல முழுசா கட்டிட்டு மூணாவது மாசம் ஒடம்புக்கு முடியாம வந்துட்டான், ஒரு ரூபா திரும்பி வரல, பெரியம்மா நடந்து நடந்து ஓஞ்சு போயிட்டாங்க. பாதில நின்னா மிச்ச நாளுக்கு உண்டான பீஸ 10 நாளுக்குள்ள தரோணும்னு 2024 ஜனவரில மத்திய அரசு வழிகாட்டுதல் போட்டிருக்குது, ஆனாலும் எழுத்துல வாங்கிட்டு தவணைல கட்டலாம்.

ஆன்லைனே போதும்னு நீ சொன்னது பீஸ் கம்மின்னு நெனச்சுன்னா வேண்டாம் சாமி, மஞ்ச வித்த காசு இருக்குது. தனியா படிக்கறது உனக்கு ஒத்து வரும்னு தோணுனா மட்டும் சரி.

ஞாயித்துக்கெழம அப்பா கோபில இருந்து காலைல பஸ்ஸுக்கே கெளம்பறாரு, நெய்யும் பருப்புப் பொடியும் குடுத்தனுப்பறேன். அதுக்குள்ள அந்த பிசிக்ஸ் கேள்வித்தாள ஜெராக்ஸ் எடுத்து 26ஐயும் வட்டம் போட்டு வெய்யி. டெமோ கிளாஸுக்கு அதையும் கொண்டுட்டுப் போயி சார்கிட்ட நீயே காட்டு, அவரு என்ன பண்றாருன்னு பாத்துட்டு எனக்கு போன் பண்ணு.

அம்மா