‘ஓ’ எதுக்குண்ணே நிக்கு?

தம்பி,

இன்றைக்கு அம்மாவின் திதி. ஆற்றுக்குப் போய் முடித்துவிட்டு வந்திருப்பாய். உன் மகள் படம் அனுப்பினாள். படத்தில் உன் முகம் இல்லை, கைதான் இருந்தது. எள்ளும் தண்ணீரும் விடுகிற வலது கை. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போனில் பேசியிருக்கலாம். நீ எடுத்து “சொல்லு” என்பாய். நான் அங்கே மழை உண்டா என்று கேட்பேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே எழுதினால் ஊரே படிக்கும் என்பது தெரியும். தாராவியில் இருக்கிற மாமா வீட்டுக்காரர்கள் வரைக்கும் போகும், அத்தைக்கு யாராவது வாசித்தும் காட்டுவார்கள். அதனால் வயல் விஷயம் இங்கே வராது. பதினாறாம் நாள் நீ போனில் சொன்னதும் வராது. நம் இரண்டு பேருக்கும் தெரியும், போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓமனில் வேலையைப் புதுப்பிக்கிற தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஜூன் கடைசியில் மொத்தமாகக் கிளம்புகிறேன். “துரத்திட்டானுவளா?” என்று கேட்பாய். இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளே படித்து ஆங்கில வாத்தியாராக வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் நாட்டில் முதலில் அவர்களுக்குத்தானே வேலை? ஆனால் என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் வருகிறேன்.

பத்தொன்பது வருடமாக அங்கே நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாள்கூடக் கேட்டதில்லை. ரியால் இன்றைக்கு எத்தனை ரூபாய் என்று கேட்டிருக்கிறாய். சரி, அது தேவைக்குக் கேட்டது. இருந்தாலும் ஒருநாள் கேட்டிருக்கலாம்.

நான் இருக்கிற சலாலா ஊரைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். ரோட்டோரத்தில் இளநீர்க் கடை, வாழைத் தோப்பு. முதல் நாள், நாம் திருவனந்தபுரத்தைத் தாண்டவே இல்லையோ என்று நினைத்தேன். நம் குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவருகிற அதே தென்மேற்குக் காற்றுதான் ஜூன் கடைசியில் அந்த மலையையும் பச்சையாக்குகிறது. அரபு நாடுகளில் இருந்தெல்லாம் அந்தச் சாரலைப் பார்க்கக் கார் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த நேரத்தில் எங்களுக்குப் பள்ளிக்கூடம் லீவு. நான் அந்தச் சாரலை விட்டுவிட்டு இந்தச் சாரலுக்கு வருவேன்.

பள்ளிக்கூடம் மலைமேல். பையன்கள் மட்டும்தான், ஐந்தாம் வகுப்பில் இருந்து. ஞாயிறு முதல் வியாழன் வரை. காலையில் ஓர் எகிப்துக்கார வாத்தியார் காரில் என்னையும் ஏற்றிக்கொள்வார். பாதி நாள் ரோட்டின் நடுவில் ஒட்டகம் நிற்கும். ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். நம்ம ஊர் எருமைக்குக்கூட அதைவிடக் கூச்சம் உண்டு. ஏழு மணிக்கெல்லாம் வெள்ளை அங்கியும் பூவேலை செய்த தொப்பியுமாக முந்நூறு பையன்கள் வரிசையில் நிற்பார்கள். இடைவேளையில் பன்னைப் பிளந்து பாலாடைக்கட்டி தடவி, அதற்குள் ஓமன் சிப்ஸை நொறுக்கிப்போட்டுத் தின்பார்கள். எனக்கும் ஒரு துண்டு நீட்டுவார்கள். வாத்தியார்கள் அறையில் பேரீச்சம்பழமும் கஹ்வா என்கிற அரபிக் காப்பியும் எப்போதும் இருக்கும், சுற்றிலும் அரபிப் பேச்சு. நான் பாட்டுக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன். மலைப் பையன்கள் வீட்டில் பேசுவது அரபிகூட இல்லை, ஜிப்பாலி என்று வேறொரு பாஷை. அதற்கென்று எழுத்து கிடையாது. அரபியையே அவன் பள்ளிக்கூடத்தில்தான் எழுதப் படிக்கிறான். அதற்கு மேல் நான் போய் ஆங்கிலம் என்று நிற்கிறேன்.

அரபியில் ‘ப’ இல்லை. தமிழில் இதை எழுதுவதே கஷ்டம். பையில் வருகிற ‘ப’ இல்லை; பஸ்ஸில் வருகிற ‘ப’ மட்டும்தான் உண்டு. நமக்கு நாக்கில் இரண்டும் உண்டு, எழுத்தில் ஒன்றுதான். பசும்பாலும் அடிக்கிற பாலும் நமக்கு ஒரே ‘பால்’. அவர்களுக்கு நாக்கிலேயே ஒன்றுதான். ஆகவே பேனா, பெப்சி, பார்க்கிங் எல்லாம் அந்த இன்னொரு ‘ப’வில்தான் வரும். கார் ஓட்டிவரும் எகிப்துக்காரரும் அப்படித்தான் சொல்வார், அவரும் ஆங்கில வாத்தியார்தான்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். பைக்குரிய ‘ப’ என்றால் காற்று அடித்துக் காகிதம் ஆடும். பஸ்ஸுக்குரிய ‘ப’ என்றால் ஆடாது. சேர்ந்த முதல் மாதம் எங்கள் சீனியர் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். மறுநாளே எட்டாம் வகுப்பில் முப்பது பையன்களுக்கு முன்னால் டிஷ்யூ பேப்பரைக் கிழித்துப் பிடித்து, கம்பீரமாக “பென்” என்றேன். காகிதம் ஆடவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அது அப்படியே தொங்குகிறது.

அப்போதுதான் தெரிந்தது, நம் தமிழ் ‘ப’வில் அந்தக் காற்று இல்லை. தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைச் சொல்கிறோம். அங்கே பி.எட். படித்து, ஏழெட்டு வருடம் வாத்தியாராக இருந்துவிட்டுப் போன எனக்கு, என் வாயில் வருவது பாதி ‘ப’ என்று ஒருத்தரும் சொல்லவில்லை. வகுப்பே சிரிக்கிறது. எனக்குக் காது சூடாகிவிட்டது. முன் பெஞ்சில் இருந்தவன், பெயர் வேண்டாம், இப்போது அவன் பிள்ளை குட்டிக்காரன், எழுந்து வந்து என் கையில் இருந்த காகிதத்தை நேராகப் பிடித்துக்கொடுத்து, “ஷ்வை ஷ்வை, உஸ்தாத்” என்றான். மெதுவாக, மெதுவாக, சார் என்று அர்த்தம்.

அன்று ராத்திரி அறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. கூட இருந்த மலையாளத்துக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தார். கண்ணாடியில் ஆவி படியும் அளவுக்குப் ‘ப’ போட்ட பிறகுதான் காகிதம் ஆடியது. இடையன்குடியில் கால்டுவெல் 1841இல் வந்து உட்கார்ந்து தமிழ் பேசியபோது, நம்ம ‘ழ’வை எத்தனை நாள் கண்ணாடியில் பார்த்திருப்பாரோ.

அதன்பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே பொறுமைக்காரன்தான். ஒரு பையனுக்கு ஒரே சொல்லை நூறு தடவை சொல்லிக்கொடுப்பேன். அங்கே பிள்ளைகள்மேல் கை வைக்கக் கூடாது, முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பயந்து வந்த பொறுமை இல்லை. எனக்கு நிஜமாகவே கோபம் வரவில்லை.

இதைத்தான் உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

நான்கைந்து வருடம் கழித்து, ஒரு பாடத்தில் ‘பீப்பிள்’ என்ற சொல் வந்தது. ஒரு பையன் கரும்பலகைக்கு வந்து நடுவில் இருக்கும் ‘ஓ’வை விரலால் தொட்டு, “லேஷ்?” என்றான். ஏன்? சத்தமே இல்லாமல் இது எதற்கு நிற்கிறது?

நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கமாட்டேன். 98இல், கார்த்திகை மாதம். கரண்ட் போய் சிம்னி விளக்கு. அம்மா மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள். நீ சுற்றிய பீடிக்குத் தலை மடித்துக்கொடுத்துக்கொண்டே புத்தகத்தைக் காலடியில் விரித்துவைத்து வாசிக்கிறாய். பத்தாம் வகுப்பு. நான் புதிதாக பி.எட். முடித்த திமிர். நீ “பியோப்ளே” என்றாய். திருத்தினேன். மறுபடி “பியோப்ளே”. மூன்றாம் தடவை நிறுத்தி என்னைப் பார்த்துக் கேட்டாய்: “அப்ப அந்த ‘ஓ’ எதுக்குண்ணே நிக்கு?”

எனக்குப் பதில் தெரியாது. எழுதுகிறபடி வாசிக்கிற தமிழில் படித்த பையன் கேட்கவேண்டிய சரியான கேள்வி அது. பதில் தெரியாததால்தான் மரஸ்கேலைத் திருப்பிப் பிடித்து உன் வலது கை விரல்முட்டியில் அடித்தேன். ஒரு அடி இல்லை. “எதிர்த்தா பேசுத?” என்று கேட்டுக்கேட்டு அடித்தேன். மடித்துவைத்த பீடி சுளகில் இருந்து சிதறி வாசல்வரை உருண்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மறுநாள் உன் விரல் மடங்கவில்லை. அம்மாவுக்கு அன்றைக்கு ஆயிரம் பீடி நிறையவில்லை, கடையில் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். என் பி.எட். ஃபீஸும் அந்த ஆயிரத்தில் இருந்து போனதுதான்.

மார்ச்சில் நீ இங்கிலீஷில் 28. அப்புறம் நீ அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை.

சரி, தப்பு என்னுடையதுதான். ஆனால் தம்பி, அந்தக் காலத்தில் எந்த வீட்டில் அடிக்கவில்லை? நானும் அடி வாங்கித்தான் படித்தேன். அக்டோபரில் திரும்ப எழுது என்று ஃபீஸ் கட்டிவிட்டு வந்தேன், நீ பரீட்சைக்குப் போகாமல் வாழைத்தார் லாரியில் ஏறிப் போய்விட்டாய். அதுவும் நானா? உன் படிப்பு என்னால் போயிற்று என்று ஊரெல்லாம் சொல்கிறாயாமே. நான் சம்பாதித்ததில் உன் பங்கு என்ன, வீட்டு ஓடு மாற்றியது யார் காசு, அந்தக் குட்டியானை வண்டிக்கு முன்பணம் எங்கே இருந்து வந்தது என்று நான் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா? இப்போது சொல்லிவிட்டேன். அழித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

2020 ஏப்ரலில் அம்மா போனபோது நான் வரவில்லை. வர விமானமே இல்லை. மார்ச்சிலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள், இது உனக்கும் தெரியும். எங்கள் பள்ளிக்கூடமும் மூடியிருந்தது. அறையில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தேன். இருபது பேருக்குமேல் கூடக் கூடாது என்று இருந்ததால் படத்தில் அவ்வளவு இடம் காலியாகத் தெரிந்தது. நம் வீட்டு வழக்கத்தில் அம்மாவுக்கு இளையவன்தான் கொள்ளி. ஆகவே நான் இருந்திருந்தாலும் சும்மாதான் நின்றிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “விமானம் இருந்த வருசமெல்லாம் நீ எத்தனை நாள் அவகூட இருந்த?” என்று நீ பிறகு கேட்டாய். வருடத்துக்கு ஒன்றரை மாதம். அதிலும் பாதி நாள் மதினி வீட்டுப்பக்கம். அந்தக் கேள்விக்கும் அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. கையில் ஸ்கேலும் இல்லை, போனை வைத்துவிட்டேன்.

கடைசி இரண்டு வருடம் அம்மாவைக் குளிப்பாட்டியது, தூக்கி உட்காரவைத்தது, எல்லாம் நீயும் உன் வீட்டுக்காரியும். அதற்கு நன்றி என்று எழுதினால் வெளியாள் எழுதுவதுபோல் இருக்கிறது. நான் அனுப்பிய சாம்பிராணியை அம்மா ஆள் வந்தால் எடுத்துக் காட்டுவாளாம், பற்றவைக்க மாட்டாளாம். உன் மகள் சொன்னாள். பாதி டப்பா இன்னும் இருக்கிறது என்றாள்.

கரும்பலகை முன்னால் நின்றேன் அல்லவா? அந்தப் பையனிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ராத்திரி தேடிப் படித்தேன். லத்தீனில் ‘பொப்புலுஸ்’ என்று ‘ஓ’ சத்தத்தோடு இருந்த சொல்தான் பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்திருக்கிறது. வந்த வழியில் சத்தம் உதிர்ந்துவிட்டது, எழுத்தில் மட்டும் அந்த ‘ஓ’ நிற்கிறது. மறுநாள் ஒரு பீரியட் முழுக்க இதையே படம் போட்டு நடத்தினேன். ரோமாபுரி, கப்பல், இங்கிலாந்து எல்லாம் வரைந்தேன். பையன்கள் ஆவென்று கேட்டார்கள். மணி அடித்த பிறகும் அந்தப் பையன் போகவில்லை.

ஆக, பதில் அதுதான். உனக்கு இப்போது அது எதற்கும் உதவாது. உன் மகள் ஒன்பதாம் வகுப்பு. இங்கிலீஷில் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள், யூடியூப் பார்த்தே. அவளுக்கும் நான் தேவையில்லை.

டிக்கெட் போட்டாகிவிட்டது. ஜூன் 27, மஸ்கட் வழியாகத் திருவனந்தபுரம், காலை நாலரைக்கு இறங்கும். நீ வரவேண்டும் என்று இல்லை. தம்பானூர் போனால் நாகர்கோவிலுக்கு பஸ் கிடைக்கும், அங்கிருந்து நான் பார்த்துக்கொள்வேன். சாமான் மட்டும் இந்தத் தடவை கொஞ்சம் கூட. நான்கு பெட்டி. அதில் ஒன்று முழுக்கப் பையன்களின் நோட்டு, தூக்கிப்போட மனசு வரவில்லை. அன்றைக்கு உனக்கு லோடு இல்லையென்றால் குட்டியானையைக் கொண்டுவா. பெட்டியைப் பின்னால் போட்டுவிடலாம். நான் முன்னால் ஏறிக்கொள்வேன்.

அண்ணன்