வட்டச் சட்டத்துல உல்லன் குல்லா: ஞாயிறு வகுப்புக்கு முன்னால படிச்சிருங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வட்டச் சட்டம்ங்கறது சுத்தியும் குச்சி நட்ட வளையம், அதுல கொக்கியால குல்லா பின்னறோம். சென்னிமலைத் தறி மாதிரி பாவு (நீள நூல்), ஊடை (குறுக்கு நூல்) இதுல இல்லீங்க. ஒரே நூல்தான், கண்ணிக்குள்ள கண்ணி (கண்ணின்னா நூல் வளையம்). திருப்பூர் பனியன் மெஷின்ல ஊசி செய்யறதை இங்க குச்சியும் கொக்கியும் செய்யுது.

குழந்தைக் குல்லாவுக்கு 24 குச்சிச் சட்டம், பெரியவங்களுக்கு 36. மெல்லிசு நூல்னா ரெண்டு இழை சேர்த்துப் பிடிங்க. ஒத்தை இழைல பின்னுனா வலை மாதிரி ஓட்டை தெரியும்.

சுருக்கு முடிச்சை சட்டத்தோட வெளிப்பக்கம் நீட்டிட்டிருக்கற ஓரத்து ஆணில மாட்டுங்க. நூலை உள்பக்கமிருந்து குச்சியச் சுத்தி, திரும்ப உள்ளுக்கே கொண்டு வந்து அடுத்த குச்சிக்குப் போங்க. முழு வட்டம் ரெண்டு தடவை. இப்ப குச்சிக்கு ரெண்டு கண்ணி இருக்கும். கடைசியாச் சுத்துன குச்சில ஆரம்பிச்சு, கீழ்க்கண்ணியக் கொக்கில தூக்கி, மேல்கண்ணியத் தாண்டி உள்பக்கம் விடுங்க. முதல் குச்சில ஆரம்பிச்சா கடைசிச் சுத்து அவுந்துரும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒரு வட்டம் சுத்தி, இதே மாதிரி எடுத்துட்டே போங்க.

முக்கால்வாசிப் பேர் நூலை இழுத்துக் கட்டிடறாங்க. அப்புறம் கொக்கி உள்ளயே போகாது. கண்ணி குச்சில மேல கீழ நகரணும், அதுதான் அளவு. ஒரு குச்சில மட்டும் மூணு கண்ணி நின்னா, போன சுத்துல அதை விட்டுட்டீங்கன்னு அர்த்தம். அடில இருக்கறதை முதல்ல எடுங்க.

விளிம்பு தானாச் சுருளும். 16 சுத்து முடிச்சதும் முதல் வரிசைக் கண்ணிகளத் திரும்பக் குச்சில ஏத்தி, கீழ்க்கண்ணியத் தூக்கி மேல்கண்ணியத் தாண்டி விட்டா மடிப்பு நிக்கும்.

வேணுங்கற உயரம் வர்ற வரைக்கும் பின்னிட்டு, முடிக்கறப்ப சட்டத்தை ரெண்டு சுத்து சுத்தற நீளம் விட்டு நூலை வெட்டி, ஊசில கோத்து, ஒவ்வொரு கண்ணியா எடுத்து இழுத்து முடிங்க.

வரும்போது பெரிய கண் வச்ச ஊசியும் கத்தரியும் மறந்துராதீங்க.